கபால மோட்சம்

ஃபங்ஷனல் மொழி என்றதும் கல்யாணம், காதுகுத்து மாதிரி ஃபங்ஷன்களில் பேசும் மொழி என்று எண்ணிவிட வேண்டாம். இது கம்ப்யூட்டருக்கான மொழி. ஆனாலும் இந்தக் கதையில் ஜாதகம் உண்டு, பொருத்தம் உண்டு, பாகப்பிரிவினை உண்டு, மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு தனிக்குடித்தனம் போவதும் உண்டு. தாலி மட்டும் கிடையாது.

1987 செப்டம்பரில் அமெரிக்காவின் போர்ட்லாந்து நகரில் ஒரு மாநாடு. ஃபங்ஷனல் புரோகிராமிங் பேராசிரியர்கள் திரண்டிருந்தார்கள். அந்தச் சமயம் 'சோம்பேறி' வகையைச் சேர்ந்த ஃபங்ஷனல் மொழிகள் ஒரு டஜனுக்கு மேல் புழக்கத்தில் இருந்தன. சோம்பேறி என்பது இங்கே வசவு அல்ல, கலைச்சொல். விடையை யாராவது கேட்டால்தான் கணக்கைப் போடும். கேட்காவிட்டால் பாயை விரித்துப் படுத்துக்கொள்ளும். டஜன் மொழி இருந்தும், ஒவ்வொன்றையும் பேசியவர்கள் பெரும்பாலும் அதைப் பெற்றெடுத்த பேராசிரியரும் அவரிடம் ஆராய்ச்சி பண்ணிய பிள்ளைகளும்தான். ஒரே மொழியாக ஒன்று பண்ணிக்கொள்ளலாமே என்று பேச்சு வந்தது. இருப்பதில் நல்ல பெயர் வாங்கியிருந்தது டேவிட் டர்னரின் மிராண்டா. அதையே அடித்தளமாக வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டார்கள். டர்னர் மாட்டேன் என்றுவிட்டார். ஆளாளுக்குக் கைவைத்தால் ஒரு மிராண்டா ஒன்பது மிராண்டா ஆகிவிடும் என்பது அவர் கவலை. (மிராண்டா கடைசியில் 2020-இல் எல்லோருக்கும் இலவசமாகத் திறந்துவிடப்பட்டது. அதற்குள் பந்தி முடிந்து இலை எடுத்திருந்தார்கள்.)

1988 ஜனவரியில் யேல் பல்கலைக்கழகத்தில் குழு கூடியது. பிள்ளை பிறக்கவில்லை, ஆனால் பெயர் வைத்தாக வேண்டும். கரும்பலகையில் வரிசையாகப் பெயர்களை எழுதி, ஒவ்வொன்றாக அடித்து, ஹாஸ்கெல் புரூக்ஸ் கர்ரி என்ற தர்க்க அறிஞரின் நினைவாக 'கர்ரி' என்று முடிவு செய்தார்கள். ராத்திரி யோசித்ததில் கலக்கம் வந்துவிட்டது. கர்ரி என்றால் குழம்பு அல்லவா, ஊரே கிண்டல் பண்ணுமே! ஆங்கிலத்தின் அந்தக் குழம்புச் சொல் நம் 'கறி'யிலிருந்து போனது என்று அகராதிகள் சொல்கின்றன. ஆக ஒரு கம்ப்யூட்டர் மொழிக்குத் தமிழ்ப் பெயர் அமைய இருந்தது, ஒரே ராத்திரியில் நழுவிப் போனது. கர்ரியைத் தூக்கிவிட்டு முதல் பெயரான ஹாஸ்கெலை வைத்தார்கள். மரியாதைக்கு அவருடைய மனைவி வர்ஜீனியா கர்ரியிடம் அனுமதி கேட்கவும் போனார்கள். அந்த அம்மாள் நன்றாக உபசரித்து, கிளம்பும்போது ஒரு சேதி சொன்னாராம்: ஹாஸ்கெலுக்கு ஹாஸ்கெல் என்ற பெயரே பிடிக்காது.

முதல் அறிக்கை வெளியான தேதி 1990 ஏப்ரல் 1. நான் இட்டுக்கட்டவில்லை.

இந்த மொழியின் கொள்கையை இங்கே ஒரு வாய் சொல்லிவிட வேண்டும். கதையின் கூத்தெல்லாம் அதில்தான் இருக்கிறது. ஹாஸ்கெல் ஒரு 'தூய' மொழி. ஒரு பெயருக்கு ஐந்து என்று மதிப்பு வைத்தால் அது சாகும்வரை ஐந்து. மற்ற மொழிகளில் காலையில் ஐந்தாக இருந்தது மாலையில் ஏழாகும், ராத்திரி காணாமல்கூடப் போகும். ஹாஸ்கெல்காரர்கள் இதைக் கேட்டாலே காதைப் பொத்திக்கொள்வார்கள். இருப்பதை அழித்து அதன் மேலேயே எழுதுவது அவர்களுக்குத் தீட்டு. புதிதாக ஒன்று வேண்டுமா, பக்கத்தில் புதிதாக உண்டாக்கு, பழையது பழையபடி இருக்கட்டும். தூய்மையில் எவ்வளவு கறார் என்றால், திரையில் ஒரு வரி அச்சடிப்பதைக் கொள்கை கெடாமல் எப்படிச் செய்வது என்பதற்கே சில வருஷம் பிடித்தது.

விவாதத்திலும் குறை வைக்கவில்லை. குழுவில் இருந்த ஃபிலிப் வாட்லர் வேடிக்கையாக ஒரு விதியே வகுத்தார். ஒரு மொழியை வடிவமைக்கும்போது பொருளைப் பற்றிப் பேசும் நேரத்தைப்போல் இரண்டு மடங்கு இலக்கணத்தைப் பற்றிப் பேசுவார்கள், அதைப்போல் இரண்டு மடங்கு எழுத்துக் குறிகளைப் பற்றி, அதைப்போலவும் இரண்டு மடங்கு கமெண்ட்டை எந்தக் குறி போட்டு எழுதுவது என்பதைப் பற்றி. கமெண்ட் என்பது கம்ப்யூட்டர் படிக்காமல் தாண்டிப்போகும் வரி. அதற்குத்தான் அத்தனை பேச்சு.

இப்படி எல்லாவற்றையும் பேசித் தீர்த்து, ஹாஸ்கெல் 98 என்ற அறிக்கையை 1999 பிப்ரவரியில் வெளியிட்டார்கள். சோம்பேறி மொழி, ஒரு வருஷம் முன்னே பின்னே ஆகும். அதில் ஒரே ஒரு விஷயம் விட்டுப்போயிருந்தது. ஒருவர் எழுதிய நிரலை இன்னொருவர் வீட்டுக்கு எப்படிக் கொண்டுபோய்ச் சேர்ப்பது? பொட்டலம் எப்படிக் கட்டுவது, மேலே என்ன எழுதுவது, போன இடத்தில் எப்படிப் பிரிப்பது? பேச்சே இல்லை. யாரும் கேட்கவில்லை. கேட்காவிட்டால்தான் இங்கே எதுவும் நடக்காதே.

அன்றைக்கு நிலைமை இதுதான். ஸ்வீடனிலோ ஸ்காட்லாந்திலோ ஒரு புண்ணியவான் நல்ல லைப்ரரி ஒன்று எழுதுவார். தன் பல்கலைக்கழக முகவரியில் ஒரு டார் கோப்பாகப் போட்டு வைப்பார். நீங்கள் இறக்கிப் பிரித்தால் உள்ளே நிரலைக் கட்டும் வழியைச் சொல்லும் ஒரு மேக்ஃபைல் இருக்கும், அவருடைய கம்ப்யூட்டருக்கென்றே அளவெடுத்துத் தைத்தது. ரீட்மீ கோப்பில் 'இது என்னிடம் ஓடுகிறது' என்ற தோரணையில் நான்கு வரி. அதுவும் எந்த கம்பைலரில்? கிளாஸ்கோவில் பிறந்த ஜிஎச்சி ஒன்று. ஹக்ஸ் என்ற இன்டர்பிரட்டர் ஒன்று. யார்க்கின் என்எச்சி98 ஒன்று. ஸ்வீடனில் சால்மர்ஸின் எச்பிசி ஒன்று. நாலு மாமியாருக்கு ஒரே மருமகள் எழுதிய நிரல் அது.

இதில் வயிற்றெரிச்சல் என்னவென்றால், பெர்ல் மொழிக்காரர்கள் இதையெல்லாம் 1995-லேயே முடித்திருந்தார்கள். பெர்ல் நிரலைப் பார்த்தால் பூனை கீபோர்டின் மேல் நடந்துபோனது மாதிரி இருக்கும் என்று ஹாஸ்கெல்காரர்கள் சிரிப்பார்கள். அந்தப் பூனைகளுக்கு சிபிஏஎன் என்று உலகத்துக்கே ஒரு கிடங்கு இருந்தது. ஒரு கட்டளை போட்டால் வேண்டிய பொட்டலம் வீடு தேடி வரும். தூய்மைவாதிகள் டார் கோப்பைப் பிரித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

2003 வாக்கில் ஐசக் ஜோன்ஸ் என்பவர் முன்நின்று இதற்கு ஒரு வழி பண்ண இறங்கினார். சைமன் பெய்டன் ஜோன்ஸ், சைமன் மார்லோ என்ற இரண்டு சைமன்களும், மால்கம் வாலஸ், ராஸ் பேட்டர்சன் போன்றவர்களும் கூடவே. நிரல்களையும் லைப்ரரிகளையும் கட்டுவதற்கான பொதுவான அமைப்பு என்று பொருள்படும் ஆங்கிலத் தொடரின் முதலெழுத்துகளைக் கோர்த்து 'கபால்' என்று பெயரும் வைத்தார்கள். ஆங்கிலத்தில் கபால் என்றால் ரகசியமாகக் கூடிச் சதி செய்யும் கும்பல். பதினேழாம் நூற்றாண்டில் இங்கிலாந்து மன்னர் இரண்டாம் சார்லஸிடம் ஐந்து மந்திரிகள் இருந்தார்கள்: கிளிஃபர்ட், ஆர்லிங்டன், பக்கிங்ஹாம், ஆஷ்லி, லாடர்டேல். அவர்களுடைய ஆங்கில முதலெழுத்துகளைக் கோர்த்தாலும் இதே சொல்தான் வரும். சொல் அதற்கு முந்தியே இருந்தது, எழுத்துப் பொருத்தம் தற்செயல். நமக்கோ கபால் என்றதும் கபாலம்தான் ஞாபகம் வரும். பிற்பாடு நடந்ததைப் பார்த்தால் நம் ஞாபகமே சரி.

யோசனை என்னவோ உருப்படியானதுதான். பொட்டலத்தின் மேல் ஒரு சீட்டு ஒட்டு என்றார்கள். எப்படிச் சமைப்பது என்று எழுதாதே, என்ன பண்டம் என்று மட்டும் எழுது. 'நேம்' என்று பெயர். 'வெர்ஷன்' என்று எண். 'லைசென்ஸ்'. வெளியாருக்குக் காட்டும் அறைகள் 'எக்ஸ்போஸ்டு-மாட்யூல்ஸ்', அடுப்படி மாதிரி உள்ளே மட்டும் புழங்குபவை 'அதர்-மாட்யூல்ஸ்'. அப்புறம் எல்லா வினைக்கும் காரணமான அந்த ஒரு வரி: 'பில்ட்-டிபெண்ட்ஸ்'. நான் யார் யாரை நம்பி இருக்கிறேன் என்ற வாக்குமூலம். இதோடு செட்டப் என்று இன்னொரு கோப்பு, மொத்தமே இரண்டு வரி. 'டிஸ்ட்ரிபியூஷன் டாட் சிம்பிள்' என்பதை இழுத்து வா என்பது முதல் வரி. அதில் உள்ளபடியே வழக்கம்போல் செய் என்பது இரண்டாவது. அந்த சிம்பிளைக் கவனித்து வைத்துக்கொள்ளுங்கள்.

2005 மார்ச்சில் ஜிஎச்சி 6.4 வெளிவந்தபோது கபால் 1.0 அதோடு சேர்ந்தே வந்தது. கான்ஃபிகர், பில்ட், இன்ஸ்டால் என்று மூன்று கட்டளை. எந்த கம்பைலராக இருந்தாலும் இதே மூன்று. மேக்ஃபைல் யுகம் முடிந்தது என்று பூரித்தார்கள்.

ஒரு சின்னக் குறை. கபால் கட்டித் தரும், வாங்கித் தராது. பில்ட்-டிபெண்ட்ஸில் ஆறு பெயர் இருந்தால் அந்த ஆறும் இல்லை என்று மட்டும் சொல்லும். நீங்கள் போய் ஆறையும் தேடி வர வேண்டும். அந்த ஆறில் ஒன்று இன்னும் நாலு கேட்கும். ரேஷன் கடை கவுண்டர் மாதிரி ஒவ்வொன்றுக்கும் திருப்பி அனுப்பும்.

அதற்கும் வழி வந்தது. 2007-இல் ஹேக்கேஜ் என்ற பொதுக் கிடங்கைத் திறந்தார்கள். யார் வேண்டுமானாலும் பொட்டலம் போடலாம். உலகத்தில் ஹாஸ்கெல் எழுதுகிறவர்களே கொஞ்சம், ஆனால் எழுதுகிற ஒவ்வொருவருக்கும் கை அரித்தது. சில வருஷத்தில் ஆயிரக்கணக்கில் சேர்ந்துவிட்டன. ஆக்மி-மிசைல்ஸ் என்று ஏவுகணை விடும் பொட்டலமும் உண்டு (நிஜ ஏவுகணை கிளம்பாது). ஹேக்கேஜில் இருக்கும் அத்தனையையும் பில்ட்-டிபெண்ட்ஸில் எழுதிக்கொண்டு ஆக்மி-எவ்ரிதிங் என்று ஒன்றும் உட்கார்ந்திருக்கிறது.

கிடங்கிலிருந்து எடுத்து வரும் ஆளும் அமைந்தார். கபால்-இன்ஸ்டால் என்று பெயர். டங்கன் கௌட்ஸ் போன்றவர்கள் பெற்ற பிள்ளை. இங்கே பெயர்க் குழப்பம் ஒன்று. பெரிய சி போட்டு எழுதும் கபால் என்பது லைப்ரரி. சின்ன சி போட்டு எழுதும் கபால் என்பது கட்டளை. அந்தக் கட்டளை இருக்கும் பொட்டலத்தின், அதாவது பேக்கேஜின், பெயர் கபால்-இன்ஸ்டால். அதற்குள் 'கபால் இன்ஸ்டால்' என்று ஒரு துணைக்கட்டளை. இந்தப் பெரிய சி, சின்ன சி விவகாரத்தில் ஆங்கிலம் படித்தவர்கள் வருஷக்கணக்கில் தலையைப் பிய்த்துக்கொண்டார்கள். நம் எழுத்தில் பெரிது சின்னது இல்லாததால் தமிழர்கள் நேரடியாக முழுக் குழப்பத்துக்கே போய்விடலாம். பொட்டலங்களை இன்ஸ்டால் செய்ய கபால்-இன்ஸ்டால் வேண்டும். கபால்-இன்ஸ்டாலை இன்ஸ்டால் செய்ய அது சார்ந்திருக்கும் பொட்டலங்கள் வேண்டும். அதற்கென்று தனியாக ஒரு ஷெல் ஸ்கிரிப்ட் கொடுத்தார்கள். கோழியா முட்டையா என்ற கேள்விக்கு விடை ஷெல் ஸ்கிரிப்ட்.

இன்னொன்று, இன்ஸ்டால் பண்ணத் தெரிந்த கபால்-இன்ஸ்டாலுக்கு அன்இன்ஸ்டால் பண்ணத் தெரியாது. கட்டளையே கிடையாது. அபிமன்யு சக்கர வியூகத்துக்குள் போனது மாதிரி, போவதற்கு மட்டும் வழி.

அதே 2007 நவம்பரில் பெரிய வீட்டில் பாகப்பிரிவினை நடந்தது. எல்லா ஹாஸ்கெல் நிரலும் 'பேஸ்' என்ற ஒரு பேக்கேஜை நம்பியிருந்தது. உண்ண, உடுக்க, படுக்க எல்லாம் அந்த ஒரே கூட்டுக்குடும்பத்தில். ஜிஎச்சி 6.8 வந்தபோது பேஸைப் பிரித்தார்கள். வரிசைகளுக்குத் தனி வீடு, கோப்பறைகளுக்குத் தனி வீடு. டேட்டா-மேப் என்ற அகராதி வசதி கன்டெய்னர்ஸ் என்ற புது வீட்டுக்குக் குடிபோனது. பழைய சீட்டுகளில் எல்லாம் 'பேஸ் போதும்' என்று எழுதியிருந்ததா, அவை ஒரே நாளில் தெருவுக்கு வந்தன. டேட்டா-மேப் எங்கே என்று கேட்டால் பேஸ் உதட்டைப் பிதுக்கியது. பொட்டலம் போட்டவர்கள் சீட்டில் ஒரு கொடி வரைந்து, 'பேஸ் பிரிந்திருந்தால் இப்படி, பிரியாவிட்டால் அப்படி' என்று இரண்டு விதமாகவும் எழுதிவைத்தார்கள். பங்காளிச் சண்டையில் இரண்டு வீட்டுக்கும் பத்திரிகை வைக்கிற சாமர்த்தியம். இந்தக் களேபரத்தில் பாடம் படித்து, மறு வருஷம் ஜிஎச்சி 6.10-இல் பேஸ் 3, பேஸ் 4 என்று பழைய பெரியவரையும் புதியவரையும் ஒரே வண்டியில் ஏற்றி அனுப்பினார்கள்.

இனி நரகம். ஆங்கிலத்தில் கபால் ஹெல் என்றே பெயர் வாங்கியது. தமிழில் கபால நரகம் என்றால் இன்னும் பொருத்தம்.

அதை அடுப்படியில் வைத்துப் பார்த்தால் சட்டென்று புரியும். பருப்பு 1.1-ஐப் போட்டு சாம்பார் 1.0 வைக்கிறீர்கள். அதைக் கிளறி சாம்பார் சாதம். எல்லாம் நல்லபடி. அடுத்த வாரம் வடை மேல் ஆசை வருகிறது. வடைக்கு சாம்பாரும் வேண்டும், பருப்பு 1.2-ம் வேண்டும். கபால்-இன்ஸ்டால் என்ன செய்யும்? பருப்பு 1.2-ஐக் கொண்டுவரும். ஒரே இலையில் இரண்டு பருப்பு கூடாதே என்று சாம்பார் 1.0-ஐப் புதுப் பருப்பில் மறுபடி வைக்கும். வைத்து, பழைய சாம்பாரைக் கொட்டிவிட்டு, அதே பாத்திரத்தில், அதே 'சாம்பார் 1.0' சீட்டோடு ஊற்றிவிடும். ஒரு பெயர், ஒரு எண் என்றால் அலமாரியில் ஒரு பாத்திரம்தான் என்பது ஜிஎச்சியின் அன்றைய சட்டம். சாம்பார் சாதம் கிளறியது பழைய சாம்பாரில். அந்தப் பழைய சாம்பார் இப்போது உலகத்திலேயே இல்லை. சாதம் கெட்டது.

ருசியில் என்ன பெரிய வித்தியாசம் வந்துவிடும் என்று கேட்பீர்கள். ஜிஎச்சிக்கு ஒரு பழக்கம் உண்டு. நிரல் வேகமாக ஓட வேண்டுமென்று ஒரு பேக்கேஜின் சதையைக் கொஞ்சம் பிய்த்து, அதை நம்பியிருக்கும் அடுத்த பேக்கேஜுக்குள்ளேயே வைத்துத் தைத்துவிடும். ஆகவே அடியில் ஒன்று மாறினால் மேலே உள்ளது அத்தனையும் மறுபடி தைத்தாக வேண்டும்.

செய்யும் முன்னால் கபால்-இன்ஸ்டால் மரியாதையாக எச்சரிக்கவும் செய்தது, பாவம். இப்படி மறுபடி இன்ஸ்டால் செய்தால் கீழ்க்கண்ட பேக்கேஜ்கள் உடைய வாய்ப்புண்டு என்று ஒரு பட்டியல். பரவாயில்லை என்றால் 'ஃபோர்ஸ்-ரீஇன்ஸ்டால்ஸ்' என்று சேர்த்துப் போடுங்கள் என்று கடைசியில் ஒரு வரி. கட்டடத்தை இடிக்கும் பொத்தானை இடித்தால் என்ன ஆகும் என்ற விளக்கத்தோடு வாசலில் வைத்த மாதிரி. அமுக்காதவர் யார்?

இதில் அகப்பட்டு அதிகம் பரிதவித்தவர்கள் ஹாஸ்கெல்காரர்கள்கூட இல்லை. பாண்டாக் என்று ஒரு நிரல் உண்டு, ஒரு வகை ஆவணத்தை இன்னொரு வகையாக மாற்றித் தரும். 2006-இல் ஜான் மெக்ஃபார்லேன் என்ற தத்துவப் பேராசிரியர் எழுதியது. அருமையான சாமான். அது ஹாஸ்கெலில் எழுதப்பட்டது என்பதுகூடத் தெரியாமல், கட்டுரையை வேறு வடிவத்துக்கு மாற்ற வந்த சரித்திர மாணவர் கபால் இன்ஸ்டால் என்று அடிப்பார். திரையில் பேக்கேஜ் பெயர்கள் ஓடும். லேப்டாப் விசிறி ஹெலிகாப்டர் மாதிரி சுற்றும். ஒரு மணி நேரம் கழித்து, நாற்பதாவது பேக்கேஜில், இதைக் கட்ட முடியவில்லை என்று கையை விரிக்கும். ஊரில் தெரிந்தவர்களிடம் கேட்டால் ஒரே வைத்தியம் சொல்வார்கள்: ஹோம் ஃபோல்டரில் ஜிஎச்சி என்று மறைந்திருக்கும் ஃபோல்டரை ஒரேயடியாக அழித்துவிட்டு முதலிலிருந்து தொடங்கு. ஆர்எம், ஒரு இடைவெளி, மைனஸ் ஆர்எஃப். இதுதான் கபால மோட்சம். மண்டையில் ஒரு போடு, சகலமும் தீர்ந்தது.

ஒரு நிமிஷம் நின்று, இதைச் செய்தது யார் என்று பாருங்கள். மதிப்பை அழித்து மேலே எழுதுவது பாவம் என்று கால் நூற்றாண்டு உபதேசித்தவர்கள். வகுப்பில் அப்படிச் செய்த மாணவனுக்கு மதிப்பெண் குறைத்தவர்கள். அவர்கள் வீட்டு அலமாரியில் சாம்பாரைக் கொட்டிவிட்டு அதே சீட்டை ஒட்டிக்கொண்டிருந்தார்கள். மடி ஆசாரம் எல்லாம் கூடத்தில், அடுப்படியில் கிடையாது. இந்தக் கதை முழுவதும் எனக்குச் சிரிப்பு வருகிற இடம் இதுதான்.

நரகத்தில் நிவாரணப் பணிகள் நடக்காமல் இல்லை. 2009-இல் ஹாஸ்கெல் பிளாட்ஃபார்ம் என்று முக்கியமான பேக்கேஜ்களைச் சேர்த்து ஒரே மூட்டையாகக் கட்டிக் கொடுத்தார்கள். ரயில் பிளாட்ஃபார்ம் மாதிரியே ஆனது, எல்லோரும் அங்கே வந்து நின்று வேறெங்கோ போனார்கள். 2022-இல் மூடிவிட்டார்கள்.

பிறகு ஜாதகச் சண்டை. பில்ட்-டிபெண்ட்ஸில் பெயரை மட்டும் எழுதினால் போதாது, எந்த எண்ணிலிருந்து எந்த எண்வரை என்றும் எழுத வேண்டும். 'கன்டெய்னர்ஸ் 0.4-க்கு மேல், 0.6-க்குக் கீழ்.' மணமகன் தேவை விளம்பரத்தில் வயது உயரம் போடுவது போல. கீழ் வரம்பில் தகராறு இல்லை. மேல் வரம்பில்தான் ஊர் இரண்டுபட்டது. இன்னும் பிறக்காத 0.6 நல்லவனா கெட்டவனா என்று எனக்கு எப்படித் தெரியும், அதனால் இப்போதே வேண்டாம் என்று எழுதிவிடு என்றது ஒரு கட்சி. பிறக்கட்டும், அடித்தால் பார்த்துக்கொள்ளலாம் என்றது மறு கட்சி. முதல் கட்சி சொன்னபடி செய்தால், பெரிய இடத்தில் எண் ஏறும் ஒவ்வொரு முறையும் ஊரில் உள்ள சீட்டையெல்லாம் திருத்த வேண்டும். இரண்டாம் கட்சிப்படி செய்தால், போன வருஷம் கட்டிய பொட்டலம் இந்த வருஷம் காரணம் தெரியாமல் உடையும். இரண்டும் நடந்தது.

எண் என்றதும் ஞாபகம் வருகிறது. 2007 பாகப்பிரிவினையில் பிறந்த கன்டெய்னர்ஸ் உலகம் முழுக்க உழைக்கிறது, இன்னும் 1.0-ஐ எட்டவில்லை. பூஜ்யம் புள்ளியிலேயே குடும்பம் நடத்துகிறது. ஹாஸ்கெலில் அது அடக்கம்.

இத்தனை ஜாதகத்தையும் வைத்துப் பொருத்தம் பார்க்கத் தேர்ந்த தரகர் வேண்டுமே. ஆண்ட்ரெஸ் லோ எழுதிய புதிய தீர்வி 2012 வாக்கில் கபால்-இன்ஸ்டாலுக்கு வந்து சேர்ந்தது. ஒரு வழியில் போய்ப் பார்க்கும், முட்டினால் பின்னால் குதித்து வேறு வழி பார்க்கும். நிஜமாகவே கெட்டிக்காரத் தரகர். ஆனால் பொருத்தம் அமையாதபோது ஏன் அமையவில்லை என்று அவர் தரும் விளக்கம் இருக்கிறதே, அது பக்கம் பக்கமாக வரும்: இன்னாரை மறுத்தேன், ஏனென்றால் இன்னார் இன்னாரோடு ஒத்துவரவில்லை, அதனால் இன்னாரையும் மறுத்தேன். கடைசி வரியில் பின்னால் குதிக்கும் வரம்பு தீர்ந்துவிட்டது என்று செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார்.

ஹேக்கேஜில் ஒரு முறை போட்ட பொட்டலத்தை மாற்ற முடியாது. தூய்மை! ஆனால் சீட்டில் தப்பான வரம்பு எழுதிப் போட்டுவிட்டால்? 2013-இல் கிடங்குக்குப் புது சர்வர் வந்த பிறகு, பொட்டலத்தைப் பிரிக்காமல் சீட்டை மட்டும் மேலே திருத்தி ஒட்ட வழி செய்தார்கள். உள்ளே ஒரு ஜாதகம், வெளியே திருத்திய ஜாதகம். நம் ஊர்த் தரகர்கள் காலங்காலமாகச் செய்வதுதான். அங்கே அதற்கு ரிவிஷன் என்று கௌரவமான பெயர்.

அதே 2013-இல் சாண்ட்பாக்ஸ் என்ற தனிக்குடித்தனம் வந்தது. ஒவ்வொரு புராஜெக்டுக்கும் தனி அடுப்படி, தனி அலமாரி. சண்டை ஓய்ந்தது உண்மை. பத்து புராஜெக்ட் வைத்திருந்தால் அதே சாம்பாரைப் பத்து முறை முதலிலிருந்து வைக்க வேண்டும் என்பதும் உண்மை.

இதையெல்லாம் பார்த்துப் பொறுமை போனவர் மைக்கேல் ஸ்னாய்மன். தரகரே வேண்டாம் என்றார். ஒன்றோடொன்று ஒத்துப்போகும் என்று முன்கூட்டியே கட்டிப்பார்த்து உறுதி செய்த பேக்கேஜ்களின் பட்டியல் ஒன்றைப் போட்டு, பொருத்தம் எல்லாம் பார்த்தாகிவிட்டது, அப்படியே எடுத்துக்கொள் என்றார். கோயிலில் நடத்தும் இலவசத் திருமணம் மாதிரி, ஒரே மேடையில் எல்லா ஜோடியும். அது ஸ்டேக்கேஜ். அதை எடுத்துத் தரும் ஸ்டாக் என்ற கருவி 2015-இல் வந்தது. சொன்னபடி வேலை செய்தது, இதைவிடப் பெரிய குற்றம் என்ன இருக்கிறது? கபால் கட்சி, ஸ்டாக் கட்சி என்று சில வருஷம் பந்தி பிரித்து உட்கார்ந்தார்கள். அந்தச் சண்டையை நான் விரிக்கப் போவதில்லை. எல்லாச் சம்பந்திச் சண்டையும் ஒரே மாதிரிதான் இருக்கும்.

விடை வேறொரு தெருவில் ரொம்ப நாளாகக் காத்துக்கொண்டிருந்தது. நெதர்லாந்தின் உட்ரெக்ட் பல்கலைக்கழகத்தில் எல்கோ டோல்ஸ்ட்ரா என்பவர் 2006-இல் ஓர் ஆய்வேட்டைச் சமர்ப்பித்தார். மென்பொருளை நிறுவுவதைப் பற்றியது. தலைப்பிலேயே 'தூய ஃபங்ஷனல்' என்று எழுதியிருந்தார். அவர் கட்டிய நிக்ஸ் செய்தது இவ்வளவுதான்: பாத்திரத்தின் மேல் சாம்பார் 1.0 என்று மட்டும் ஒட்டாதே. எந்தப் பருப்பு, எந்தப் புளி, எந்த அடுப்பு என்று எல்லாவற்றையும் சேர்த்து ஒரு நீள எண் கணக்கிட்டு அதையும் ஒட்டு. பருப்பு மாறினால் எண் மாறும், எண் மாறினால் பாத்திரம் வேறு. பழைய சாம்பார் பழைய இடத்திலேயே, புதியது பக்கத்தில். எதையும் கொட்டாதே. ஹாஸ்கெல்காரர்கள் 1990-இலிருந்து ஊருக்குச் சொன்ன அதே உபதேசம், வார்த்தை மாறாமல்.

கபால்-இன்ஸ்டால் 1.24 வந்த 2016-இல்தான் நிக்ஸ் பாணி என்று அறிவித்து அந்த முறையை முன்னோட்டமாகச் சேர்த்தார்கள். கட்டளையின் பெயர் 'நியூ-பில்ட்'. பழையது பில்ட், புதியது நியூ-பில்ட். நம் ஊர்களில் கட்டி முப்பது வருஷமான கட்டடத்துக்குப் புது பஸ் ஸ்டாண்டு என்று பெயர் இருக்குமே, அந்த வகை. பின்னால் அதையே 'வி2-பில்ட்' என்றும் அழைத்தார்கள். 2019 ஆகஸ்டில் கபால் 3.0 வந்தபோது முன்னொட்டு உதிர்ந்து வெறும் பில்ட் என்றாலே புதிய முறை என்று ஆனது. 1990-இல் போதித்ததை வீட்டு அலமாரியில் கடைப்பிடிக்க இருபத்தொன்பது வருஷம். இப்போது சாம்பார் சாதம் கெடுவதில்லை. மனசாரச் சொல்கிறேன், அது நன்றாகவே வேலை செய்கிறது.

எதையும் கொட்டுவதில்லை என்பதால் ஒரு விளைவு மட்டும் உண்டு. வைத்த சாம்பார் எல்லாம், ஒவ்வொரு பருப்புக்கும் ஒவ்வொரு கம்பைலருக்கும் ஒன்றாக, உங்கள் ஹோம் ஃபோல்டருக்குள் ஸ்டோர் என்ற அறையில் அப்படியே அடுக்கியிருக்கிறது. கொஞ்ச நாள் ஹாஸ்கெல் எழுதியிருந்தால் அந்த அறை எத்தனை ஜிபி பிடித்திருக்கிறது என்று இன்று ஒரு தடவை பாருங்கள். பார்த்துவிட்டு கபாலிடம் அன்இன்ஸ்டால் கட்டளை தேட வேண்டாம், அது இன்னும் வரவில்லை. ஆர்எம், ஒரு இடைவெளி, மைனஸ் ஆர்எஃப்.